வெள்ளிக்கிழமை ஆறு மணி

"இஞ்சருங்கோ, உந்த ஸ்டாண்டை எடுத்து அங்காலை வையுங்கோ. பிரிட்ஜைத் திறக்க ஏலாமல் கிடக்கு."

"பொறும், இந்தப் படத்தை முடிச்சிட்டு வாறன்."

"நான் தடக்கி விழுந்தா அதையும் வீடியோ எடுத்துப் போடுவியள்."

"போட்டா நல்லா ஓடும்."

பத்மலோசனி கமரா ஸ்டாண்டைக் காலாலேயே ஒதுக்கிவிட்டுப் பாலை எடுத்தாள். இராசலிங்கம் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. வெள்ளிக்கிழமை வெளியாவதற்கென்று ஏற்கெனவே ஏற்றி, நேரமும் குறித்து வைத்திருந்த ஆட்டிறைச்சிக் கறி வீடியோவின் முகப்புப் படத்துக்குச் சிவப்பு எழுத்துப் பொருந்துமா, மஞ்சள் எழுத்துப் பொருந்துமா என்பதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில் அவருக்குப் பெரிய பிரச்சினை. தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் நடந்த கடைசிச் சாதாரண காரியம் அது.

லோசனி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். அன்று முற்பகல் உருளைக்கிழங்குப் பெட்டிக்கு முன்னால் குனிந்தவள் நிமிரவில்லை. கூட வேலைசெய்த அன்னா அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு, அவர்கள் வரும்வரை கை ஓயாமல் நெஞ்சை அமத்திக்கொண்டிருந்தாளாம். ரெம்ஷைடில் களஞ்சியமொன்றில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்த லிங்கம், போட்ட வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இளம் மருத்துவர் ஒருவர் அவரைச் சின்ன அறை ஒன்றில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, மெதுவான ஜெர்மன் மொழியில் கேட்டார். கடந்த நாட்களில் உங்கள் மனைவி ஏதாவது சொன்னாரா? நெஞ்சு நோ, மூச்சு முட்டு, களைப்பு?

"நைன்," என்றார் லிங்கம். இல்லை.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. சனிக்கிழமை அவள் தோள் நோகுதென்று சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. திருத்திச் சொல்ல நேரம் இருந்தது. மருத்துவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகும்வரைக்கும் இருந்தது. லிங்கம் கையிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

சனிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். கறிக்கு இறைச்சியை வெட்டும்போதே லோசனி தனக்கு ஏலாமல் கிடக்கென்றாள். இடது தோளில் நோ, மூச்சு ஒரு மாதிரி. வாய்வாக இருக்கும், கொஞ்சம் படுத்தெழும்பினால் சரி என்றாள். லிங்கம் யன்னலைப் பார்த்தார். மாரிகாலம். நாலு மணிக்கே வெளிச்சம் போய்விடும். மின்விளக்கில் எடுத்தால் கறி கறுப்பாகத் தெரியும். "முடிச்சிட்டு வடிவாப் படும்," என்றார்.

இதை விளங்க வேண்டுமென்றால் அந்த யூடியூப் சனலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லோசனி கிச்சின் என்று பெயர். தொடங்கியது மகள் ஆதிரை. கார்ல்ஸ்ரூஹேக்குத் தாதியர் படிப்புக்குப் போன புதிதில், அம்மாவின் சமையலைப் பார்த்துப் பழகவென்று ஓரிரு வீடியோக்களைப் போனில் எடுத்துப் போட்டாள். பிறகு அவளுக்கு நேரமில்லாமல் போக, லிங்கம் பொறுப்பெடுத்தார். முப்பது வருடமாகப் பெட்டிகளை ஏற்றி இறக்கிய மனுசனுக்கு, தான் செய்த ஒன்றை ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்பது புது இரத்தம் ஏற்றியது போலிருந்தது. சனல் வளர்ப்பது எப்படியென்று சொல்லித்தரும் வீடியோக்களை விழுந்து விழுந்து பார்த்தார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஒரு நாளைத் தெரிவுசெய், ஒரு நேரத்தைத் தெரிவுசெய், வானம் இடிந்து விழுந்தாலும் தவறவிடாதே. லிங்கம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியைத் தெரிவுசெய்தார். வேலை முடிந்து, கோயிலுக்குப் போகிறவர்கள் போக, மற்றவர்கள் போனை எடுக்கும் நேரம்.

அதன் பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. லோசனிக்குக் காய்ச்சல் வந்தபோது தவறவில்லை. ஆதிரை படிப்பு முடித்துப் பத்திரம் வாங்கிய விழாவிலிருந்து பாதியில் எழும்பி வந்தார்கள். "ஒருக்கா விட்டமெண்டால் அல்கோரிதம் எங்களை மறந்திடும்," என்பார், ஏதோ நேர்த்தி வைத்த தெய்வத்தைப் பற்றிச் சொல்வது போல. லோசனி சிரிப்பாள். "உங்கடை அல்கோரிதத்துக்கு ஒரு பொங்கல் வைப்பமோ?" ஆனால் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவளும் வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பாள். முதல் கருத்து யாருடையது என்று பார்ப்பாள். அவளுக்கும் அது பிடித்துத்தானிருந்தது என்று லிங்கம் இன்றைக்கும் நம்ப விரும்புகிறார்.

சனலை வளர்க்க அவர் செய்த இன்னொரு வேலையும் உண்டு. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணவீடு எங்கே போனாலும் ஒவ்வொருவரிடமும் போனை வாங்கி, தானே சனலைத் தேடி, தானே அந்த மணிச் சின்னத்தை அமத்திவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். "இனி வீடியோ வந்தா உங்களுக்கு மணி அடிக்கும்." சொந்தக்காரர் அவரைத் தூரத்தில் கண்டதும் போனை உள்பைக்குள் ஒளிப்பதாகப் பகிடி பண்ணுவார்கள். அவர் விடமாட்டார்.

லோசனியின் உடலை இறுதிக் கிரியைக்குத் தருவதற்கு அடுத்த கிழமைதான் நாள் கிடைத்தது. ஜெர்மனியில் சாவுக்கும் ஒரு ரெர்மின், முன்கூட்டிக் குறித்த நாளும் நேரமும், வேண்டும். அந்த நாட்களெல்லாம் வீடு செத்த வீடாகவே இருந்தது. வரவேற்பறையில் சோபாக்களை நகர்த்தி வெள்ளை விரித்து, அவள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். சாவுத் துடக்கென்று அடுப்பு மூட்டவில்லை. சாப்பாடு சொந்தக்கார வீடுகளிலிருந்து வந்தது. டோட்முண்டிலிருந்து லிங்கத்தின் அக்கா சுந்தரேஸ்வரி வந்து நின்று எல்லாவற்றையும் நடத்தினார். ஆதிரை வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், ஒருவரோடும் பேசவில்லை.

வருகிற ஒவ்வொருவரும் லிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எங்கள் செத்த வீடுகளில் அதுதான் வழக்கம். துக்கம் கேட்பது என்பதே அதுதான்.

"என்னண்டு நடந்தது? முந்தி ஏதும் வருத்தமிருந்ததே?"

"ஒண்டுமில்லை. நல்லாத்தான் இருந்தவ."

"ஒரு குணங்குறியும் காட்டேல்லையோ?"

"இல்லை. காலமை பகிடி விட்டுட்டுத்தான் வேலைக்குப் போனவ."

புதன்கிழமை சொன்னதைவிட வியாழக்கிழமை நன்றாகச் சொன்னார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் உடையும் என்பதெல்லாம் தானாக அமைந்தது. ஒவ்வொரு முறையும் ஆதிரை எங்கே நிற்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். வேலை முடிந்து நேராக வந்தவர்கள் சுவரோரமெல்லாம் இருந்தார்கள். பெண்கள் உள்ளறையில். சிதம்பரம் அண்ணை அப்போதுதான் வந்து லிங்கத்துக்குப் பக்கத்தில் கதிரையில் அமர்ந்தார். காது கொஞ்சம் மந்தமான மனிதர்.

"லிங்கம், என்னடாப்பா இது? முந்தி ஏதும் வருத்தமிருந்ததே அவவுக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. நல்லாத்தான்..."

அந்தச் சொல் முடியுமுன்னே அறை முழுவதும் மணி அடித்தது.

ஒரே நேரத்தில், ஒவ்வொரு சட்டைப் பையிலிருந்தும் கைப்பையிலிருந்தும். சில ஒலித்தன, சில கதிரைப் பலகையில் அதிர்ந்தன. உள்ளறையிலும் கேட்டது. எல்லாரும் பதறிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சூடுபட்டதுபோல் கவிழ்த்து வைத்தார்கள். லிங்கத்துக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. ஆறு மணிக்கென்று குறித்து வைத்த அந்த வீடியோ அவர் நினைவில் மருந்துக்கும் இருக்கவில்லை.

சிதம்பரம் அண்ணை தன் போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, மணியை நிறுத்துவதற்காக எதையோ அமத்தினார்.

"வணக்கம் உறவுகளே!" என்றாள் லோசனி. "இண்டைக்கு எங்கடை யாழ்ப்பாணத்து ஆட்டிறைச்சிக் கறி."

அண்ணையின் காதுக்கு ஏற்ப வைத்த சத்தம். உள்ளறையில் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண் பாதியில் நின்றாள்.

"ஐயோ, இது என்னண்டு நிப்பாட்டுறது? லிங்கம், நீர்தானே போட்டுத் தந்தனீர், நிப்பாட்டும்!"

அவர் விரல் பட்ட இடமெல்லாம் வீடியோ முன்னுக்குத் தாவியது. சட்டியில் எண்ணெய் சீறியது. பிறகு அவள் குரல், கொஞ்சம் இளைத்தபடி, சிரித்தபடி:

"உண்மையா எனக்கு இண்டைக்கு ஏலாமல் கிடக்கு. தோள்மூட்டெல்லாம் நோகுது, மூச்சும் ஒரு மாதிரி. படுப்பம் எண்டா இந்த மனிசன் விடுதில்லை. வெள்ளிக்கிழமை தவறக்கூடாதாம்!"

அதற்குப் பின்னால் ஒரு வயலின் அழுதது. பகிடிக்காக லிங்கமே தேடிப்பிடித்துச் சேர்த்த சத்தம். அதற்கும் பின்னால், கமராவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவருடைய சொந்தக் குரல்:

"நடிக்காதையும், வெளிச்சம் போகப்போகுது. சட்டியைக் காட்டும்."

லிங்கம் போனைப் பறித்து நிறுத்தினார். அகப்பையைத் தூக்கியபடி அவள் திரையில் அப்படியே உறைந்து நின்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது சிதம்பரம் அண்ணை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அறையில் ஒருவருமே பார்க்கவில்லை. எல்லாரும் விரித்திருந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குசினி வாசலில் ஆதிரை தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"தம்பி, உள்ளுக்கு வா," என்றார் சுந்தரேஸ்வரி.

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு அக்கா அடித்தொண்டையில் பேசினார். "உந்த வீடியோவை இப்பவே அழி. துடக்கு வீடு. அடுப்பு மூட்டாத வீட்டிலை ஆட்டிறைச்சிக் கறி காச்சிக் காட்டுறியள் எண்டு கனடா வரைக்கும் கதைக்கப்போகினம். அவளின்ரை மானமும் போகும், எங்கடை மானமும் போகும்."

"ஓம் அக்கா."

"இறைச்சிதான் பிரச்சினை. விளங்குதே? வேறை ஒண்டுமில்லை. ஆரும் கேட்டா அதைத்தான் சொல்ல வேணும்."

அக்கா அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். மற்றதையும் அக்கா கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் இந்தக் காரணத்தைத் தூக்கித் தருகிறார் என்று லிங்கத்துக்கு விளங்கியது. நன்றியாக இருந்தது. கட்டிலில் இன்னும் அவளுடைய இரவு உடுப்பு மடித்தபடி கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று இப்படி நன்றியுள்ளவனாக இருப்பது அவருக்கே அருவருப்பாயிருந்தது.

கணினியைத் திறந்தார். வீடியோவின் கீழே ஏற்கெனவே இதயச் சின்னங்களும், "அன்ரி சூப்பர்" என்பதும், அவற்றுக்கு நடுவே, "இவ செவ்வாய்க்கிழமை காலமானவ அல்லோ?" என்று ஒருவரின் கேள்வியும் வந்திருந்தன. அழிக்கும் பொத்தான்வரை போன கை நின்றது. முழுவதையும் எடுத்தால் அவளுடைய கடைசி வீடியோ போய்விடும். அந்த ஒரு பகுதியை மட்டும் வெட்டலாமே. அவள் குரல் இருக்கும், முகம் இருக்கும், கை இருக்கும். இது அவளுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெட்டும் கருவியைத் திறந்து, பதினொரு நிமிடம் நாற்பத்தேழு விநாடி நீண்ட அந்த வீடியோவில், "உண்மையா" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கோடும், "சட்டியைக் காட்டும்" என்பதற்குப் பின்னால் ஒரு கோடும் வைத்தார். அவள் மூச்செடுக்கும் இடம் பார்த்து ஒட்டினால் ஒட்டுத் தெரியாது. அதில் அவர் கைதேர்ந்தவர்.

கதவு திறந்தது. ஆதிரை.

"என்ன வெட்டுறீங்கள்?"

"மாமி சொன்னவ... துடக்கு... இறைச்சிக் கறி எண்டு..."

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "நீங்கள் கோடு போட்டிருக்கிற இடத்திலை இறைச்சி இல்லையே அப்பா."

லிங்கம் சுட்டியை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்தார்.

"தோள் நோ, மூச்சு. அது என்னெண்டு எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் வேலையிலை பாக்கிறனான். சனிக்கிழமை பின்னேரம் அம்மாவோடை நானும் கதைச்சனான். எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. உங்கடை வீடியோவுக்குத்தான் சொல்லியிருக்கிறா."

"நான் வாய்வெண்டு நினைச்சன், பிள்ளை."

"டொக்டர் கேட்டவரோ?"

"கேட்டவர்."

"என்ன சொன்னனீங்கள்?"

வெளியே, அந்த நகரத்தின் தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலால் போகும் கிறீச்சொலி வந்து மறைந்தது. லிங்கம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுங்கோ," என்றாள் ஆதிரை. "எனக்குக் கேட்டிட்டுது. அங்கை இருக்கிற எல்லாருக்கும் கேட்டிட்டுது. வெட்டுறதெண்டா வெட்டுங்கோ." திரும்பிப் போகப் பார்த்தாள்.

"பிள்ளை, நில்."

அவள் கைபிடியில் கை வைத்தபடி நின்றாள். வீடியோவில் வந்தது குறைவு. ஊருக்குக் கேட்டது அவருக்குச் சாதகமான பங்கு. அதை அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது; சொல்லாவிட்டால் இனி ஒருபோதும் தெரியவராது.

"அதுக்குப் பிறகு அவ அகப்பையை வைச்சிட்டு ஸ்டூலிலை இருந்தவ. தண்ணி கேட்டவ. நான் குடுத்தனான். குடுத்திட்டு, இன்னும் கறிவேப்பிலை போட்டு இறக்கிறதுதானே லோசனி, அஞ்சு நிமிசம் எண்டு சொன்னன். எழும்பினவ. அவ்வளவையும் நான் ஞாயிற்றுக்கிழமையே வெட்டிட்டன். பாக்கிற ஆக்களுக்கு அலுப்படிக்கும் எண்டு."

ஆதிரை கதவில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "அந்த வெட்டினது இருக்கோ?" என்றாள்.

"இருக்கு."

"இண்டைக்கு எனக்குக் காட்டாதேங்கோ."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். லிங்கம் இரண்டு கோடுகளையும் பார்த்தார். ஒரு அமத்தல் போதும். கணினியை அப்படியே மூடிவிட்டு எழும்பினார்.

வரவேற்பறைக்கு அவர் திரும்பி வந்தபோது ஹாகனிலிருந்து ஒரு தம்பதி புதிதாக வந்திருந்தார்கள். மணி அடித்தது அவர்களுக்குத் தெரியாது. அந்த மனிதர் இரண்டு கையாலும் லிங்கத்தின் கையைப் பொத்திப் பிடித்தார்.

"என்ன அண்ணை இது, நம்பேலாமல் கிடக்கு. முந்தி ஏதும் வருத்தமிருந்ததே?"

சுந்தரேஸ்வரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கம் படத்தைப் பார்க்காமல், வந்தவரையும் பார்க்காமல் சொன்னார்.

"இருந்தது. சனிக்கிழமையே ஏலாது எண்டவ. தோள் நோகுது, மூச்சு ஒரு மாதிரி எண்டவ. படுக்கப்போறன் எண்டவ. வீடியோவை முடிச்சிட்டுப் படும் எண்டு நான்தான் மறிச்சனான்."

வந்தவர் கையை விடவுமில்லை, முன்போல் பிடிக்கவுமில்லை. "அது... ஆருக்குத்தான் தெரியும் அண்ணை," என்றார். அவருடைய மனைவி மெல்ல உள்ளறைப் பக்கம் நகர்ந்தாள். யாராவது எழும்பி வந்து கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் லிங்கத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் எழும்பவில்லை. சிதம்பரம் அண்ணை மட்டும், "தேத்தண்ணி ஆறுது, குடியும்," என்றார்.

அதன் பிறகு வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னார். சொல்லச் சொல்ல நாக்குப் பழகிவிடும் என்று நினைத்தார். முந்திய பொய்தான் அப்படிப் பழகியது. இது ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே இருந்தது. இறுதிக் கிரியையன்று அந்த மருத்துவருக்கும் எழுதிச் சொல்ல வேண்டுமென்று யோசித்தார். எதற்கு என்று ஆதிரை கேட்டாள்.

அக்கா முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தார். தம்பியோடு மட்டும் பேசவில்லை. "நான் ஒரு மறைப்புக் கட்டித் தர, நீயே இழுத்து விழுத்திப்போட்டாய்," என்று போகும்போது சொன்னதோடு சரி. ஊர் கதைத்தது. புருசன்காரன் தன் பெருமைக்காக அவளை அடுப்படியிலேயே வேகவைத்துக் கொன்றான் என்று யாரோ எழுதியதை ஆதிரை அவருக்குக் காட்டாமல் அழித்தாள். அவர் அதற்கு முதலே படித்திருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அவர் ஆதிரைக்கும் சொல்லவில்லை. சுடலையின் கார்த் தரிப்பிடத்தில், வெள்ளை வேட்டியோடு காருக்குள் இருந்தபடி, அந்தக் கறி வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று போனில் பார்த்தார். அவர்கள் போட்ட எல்லா வீடியோக்களையும் அது தாண்டியிருந்தது. அவர் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. பழைய வெள்ளிக்கிழமைத் துள்ளல்தான். பக்கத்து இருக்கைக்குத் திரும்பி, "இஞ்சரும்," என்று சொல்ல வாயெடுத்தும் விட்டார்.

அதற்குப் பிறகு சனலில் ஒன்றும் வரவில்லை. பழையவற்றிலிருந்து துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் ஓடும் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். கமராவை ஆதிரை கொண்டுபோய்விட்டாள். வெட்டி வைத்த பகுதியை அவள் பார்த்தாளா என்று லிங்கம் கேட்டதில்லை. வேலை முடிந்து வந்து சில நாட்களில் கணினியைத் திறப்பார். வெட்டும் கருவி முன்னைப்போலவே திறக்கும். அது எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று கேட்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிடுவார்.

ஆட்டிறைச்சிக் கறி வீடியோவின் நீளம் இப்போதும் பதினொரு நிமிடம் நாற்பத்தேழு விநாடி.